மசோதாவில் பிழை கண்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

மசோதா வரைவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. சிறையிலிருந்து வெளிவருவோரின் மனநலச் சிகிச்சைக்கு நிதி ஒதுக்கும் மசோதா வந்தால், அதன் முகப்புரையில் நான் நேரம் செலவழிப்பதில்லை. முகப்புரையில் எல்லாரும் நல்லவர்கள்தான். நேராக வரையறைப் பிரிவுக்கும் நிதிப் பிரிவுக்கும் போய்விடுவேன்.

'விடுதலையானவர்' யார் என்று முதலில் பாருங்கள். தண்டனை முடிந்தவர் மட்டுமா? பரோலில் இருப்பவரும், பிணையில் வந்த விசாரணைக் கைதியும் அதில் அடங்குவார்களா? அடுத்து, பணம் எந்த நாளிலிருந்து கிடைக்கும் என்று பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வின்படி, முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களுடையதைப் போல் 12.7 மடங்கு. வெளியே வந்த பிறகுதான் விண்ணப்பமே போடலாம் என்றால் அந்த இரண்டு வாரம் கைநழுவிவிடும்.

வருமானம் குறைந்தோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தாலன்றி, சிறைக்குள் இருப்பவருக்கு 1965 முதலே பொதுவாகக் கூட்டாட்சிப் பணம் தருவதில்லை. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா இதற்கு விலக்குப் பெற்றது. விடுதலைக்கு 90 நாள் முன்பே சில சேவைகளைத் தொடங்கலாம். இப்படி வழி திறந்திருக்கும் இடத்தில், மசோதா 'விடுதலையான' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த 90 நாளுக்கு ஒரு காசும் வராது.

மசோதா அவைக் குழுவின் ஆய்வில் இருக்கும்போதே திருத்தம் கொடுத்துவிடுங்கள். காரணங்களை அடுக்கிப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவோர் உண்டு. உறுப்பினருக்கு வேண்டியது அவையில் அப்படியே வாசிக்கக்கூடிய ஒரு வரி. இப்படி: "2-ஆம் பக்கம், 14-ஆம் வரியில் 'விடுதலையான' என்பதற்கு முன் 'விடுதலையாக 90 நாளுக்கு மேற்படாத காலம் எஞ்சியுள்ள அல்லது' என்ற சொற்களைச் சேர்க்கவும்." பிறகு அந்தச் சொல் வரும் மற்ற எல்லாப் பிரிவுகளையும், அட்டவணையையும், நிதிக் குறிப்பையும் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் விட்டுவிட்டால், தணிக்கைக்காரர் பழைய சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்.

வரையறையை அகலமாக்கினால் செலவும் கூடும். இந்தியாவில் மாநில அரசின் வருவாய் சேரும் தொகுநிதியிலிருந்து செலவு செய்யவைக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் பேரவை நிறைவேற்ற முடியாது. அரசியலமைப்பின் 207-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பார். ஆகவே செலவைக் கூட்டும் திருத்தத்தை எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கொடுப்பதற்கு முன், துறை அமைச்சரின் அலுவலகத்தில் பேசிப் பாருங்கள்.

அவை வாக்களித்த பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த மட்டுமே இடம். மக்களவையில் வெளிப்படையான பிழைகளைச் சரிசெய்யும் அதிகாரம் சபாநாயகருக்கு உண்டு. அமெரிக்கக் காங்கிரஸில், இறுதிப் படியைத் திருத்துமாறு இரு அவைகளும் உடன்பட்டு ஒரே தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். எழுத்தரே கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2005-ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் இருக்கிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் சில மருத்துவக் கருவிகளுக்கான வாடகைக் காலம் செனட்டில் 13 மாதம். எழுத்தர் பிழையால் பிரதிநிதிகள் அவைக்கு அது 36 மாதமாகப் போய், அப்படியே நிறைவேறியது. பின்பு சத்தமில்லாமல் 13 ஆக மாற்றப்பட்டு, 2006 பிப்ரவரியில் அதிபர் கையெழுத்திட்டார். இரண்டு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்றவில்லை என்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவைத் தலைவர்கள் சான்றளித்த படியே இறுதியானது என்ற 1892-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி நீதிமன்றங்கள் அவற்றைத் தள்ளிவிட்டன.

கையெழுத்தும் ஆகிவிட்டதென்றால் திருத்தச் சட்டம் ஒன்றே வழி. அப்போது, "மூலச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே இத்திருத்தமும் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும்" என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், இடைப்பட்ட மாதங்களில் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையின் பில் திரும்பி வரும்.