பெப்டைடு ஊசி போடும் முன் நான் ஒப்பிட்டுப் பார்த்த விதம்

ஷட்டில் ஆடி முழங்கைத் தசைநாண் பழுதானபோது ஜிம் நண்பன் மூன்று பெயர் சொன்னான்: பிபிசி-157, டிபி-500 (இரண்டும் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு ஊசிகள்), தசைநாணைக் கட்டும் புரதமான கொலாஜன். எது சீக்கிரம் ஆற்றும் என்பதை விடுங்கள், யார் மேல் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலச் சங்கிலி. குரோஷியாவின் சாக்ரெப் ஆய்வாளர்கள் எலிகளின் அறுந்த தசைநாண்களில் நல்ல பலன் கண்டார்கள். மனிதர்களிடம் செய்த சோதனைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. டிபி-500, நம் உடலிலேயே உள்ள தைமோசின் பீட்டா-4ஐ ஒட்டியது; காயமான மூட்டுக்கு மனிதச் சான்று அதிலும் சொற்பம். இரண்டும் புது ரத்தநாளம் வளரத் தூண்டுபவை, அது கட்டிக்கும் தீனியாகலாம் என்பதால், புற்றுநோய் வந்தவர்கள் கிட்டவே போகக் கூடாது.

போட்டிகளில் ஆடுபவரா? இரண்டுமே உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் உள்ளவை. (பெயர்தான் 'வாடா', கூப்பிட்டால் வம்பு.)

அடுத்து லேபிள். நண்பன் காட்டிய குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்றிருந்தது. அத்தோடு ஊசி ஆசை போயிற்று.

கொலாஜன் வெறும் உணவு. 2017இல் ஒரு ஆய்வில், பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் வைட்டமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலட்டின் (கொலாஜனை வேகவைத்தால் கிடைப்பது) கொடுத்தபோது உடலில் கொலாஜன் உருவாக்கம் கூடியது. ஆனால் ஆய்வில் இருந்தது எட்டே பேர். நான் அதைக் குடித்துவிட்டு, பிசியோ சொன்னபடி டம்பெல்லை மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.