போருக்குப் பிந்தைய தேவாலயங்கள்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். 1945-க்குப் பிறகு ஐரோப்பாவில் எழுந்த நவீனத் தேவாலயங்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். தொடங்கிய காலத்தில் நானும் விழுந்த இடங்கள்தான். பெயர்ப் பிழை, ஊர்ப் பிழையெல்லாம் ஒருமுறை சரிபார்த்தால் போய்விடும், அவற்றை விடுங்கள்.

எல்லாவற்றையும் வத்திக்கான் சங்கத்தின் கணக்கில் எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம், வழிபாட்டை மாற்றியது, அதனால் பலிபீடம் நடுவுக்கு வந்தது, தேவாலயம் வட்டமானது என்று எழுதிவிடுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் நிற்காது.

எல்லோரும் காட்டும் சான்று லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயம். வட்ட வடிவம், நடுவில் பீடம், 1967-ல் திறப்பு. சரி, ஆனால் கட்டடக்கலைஞர் பிரெடெரிக் கிப்பர்ட் அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றது 1960-ல்! அப்போது சங்கம் கூடியிருக்கவே இல்லை. மக்கள் பீடத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முந்தையது. ஜெர்மனியின் ரோத்தன்ஃபெல்ஸ் கோட்டையில் 1920-களின் இறுதியிலேயே, கட்டடக்கலைஞர் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸும் குருவானவர் ரொமானோ குவார்தினியும் அலங்காரமில்லாத வெள்ளை மண்டபத்தில் பீடத்தின் மூன்று பக்கமும் கறுப்பு இருக்கைகளைப் போட்டு, நான்காவது பக்கத்தில் குருவை மக்களைப் பார்த்தபடி நிற்கவைத்தார்கள்.

ஒரு மாணவி தன் ஆய்வேடு முழுவதையும் இந்தத் தவறான காரணத்தின் மேல்தான் கட்டியிருந்தார். முதன்மை எடுத்துக்காட்டு, கட்டடக்கலைஞர் பேசில் ஸ்பென்ஸின் கவென்ட்ரி பேராலயம், இங்கிலாந்தில் இருப்பது. அது ஆங்கிலிக்கன் சபையுடையது, கத்தோலிக்கம் அல்ல. அர்ச்சிக்கப்பட்டது 1962 மே 25. சங்கம் தொடங்கியதோ அந்த அக்டோபரில். பீடமும் நடுவில் இல்லை. நீண்ட மண்டபத்தின் கடைக்கோடியில், ஓவியர் கிரஹாம் சதர்லாந்தின் மாபெரும் நெய்த சித்திரத் திரைக்கு முன்னால் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை எடுத்ததும் மற்றவையும் சரிந்தன. திறமையான பெண், ஒரு பருவத்து உழைப்பு வீணாகப் போனது.

சங்கத்துக்கு உரியதைச் சங்கத்துக்குக் கொடுங்கள். பீடம் சுவரை விட்டுத் தள்ளி, சுற்றி நடக்க இடம்விட்டு இருப்பது நல்லது என்று 1964-ல் வந்த அறிவுறுத்தல் கூறியது. அதன் பிறகு பழைய கோவில்களில்கூடப் பீடங்கள் இடம் மாறின. ஆனால் அந்த ஆவணத்தைக் காரணமாக்கி, அதற்கு முன் ஒரு தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்துச் சேர்த்ததை இல்லாமலாக்குவது அநியாயம். கட்டடத்தின் திறப்பு ஆண்டை மட்டும் பார்க்காமல், வரைபடம் முடிவான ஆண்டையும் தேடுங்கள். எந்தச் சபையுடையது என்பதையும் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தை மட்டும் பார்த்து எடை போடுவது

போய் உட்காருங்கள். முடிந்தால் ஞாயிறு திருப்பலியில்.

கான்கிரீட் என்று ஒரே சொல்லில் முடிப்பது

கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே பிரான்ஸில் கட்டிய ரோன்ஷாம் சிற்றாலயத்தில் (1955) தெற்குச் சுவர் ஒரே பாறையாகத் தெரியும். உள்ளே இருப்பது கான்கிரீட் சட்டம். கம்பி வலை மேல் சிமென்ட் தெளித்துப் பூசியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வெளிச்சக் கோடு ஓடும். கூரையைத் தாங்குபவை சுவருக்குள் மறைந்திருக்கும் தூண்கள். மற்றச் சுவர்களில் 1944-ல் போரில் அழிந்த பழைய சிற்றாலயத்தின் கற்கள் இருக்கின்றன.

ஜெர்மனியின் ட்யூரன் நகரத்துப் புனித அன்னாள் ஆலயத்தையும் ஷ்வார்ட்ஸ் பழைய கோவிலின் இடிபாட்டுக் கற்களைக் கொண்டே எழுப்பினார். போருக்குப் பின் ஜெர்மன் கட்டடக்கலைஞர் ஓட்டோ பார்ட்னிங் வடிவமைத்த அவசரகாலத் தேவாலயங்களுக்கு மரச்சட்டங்கள் ஆலையில் தயாராகி வந்தன. சுவருக்கு உள்ளூர் இடிபாடுதான். அந்த மக்களுக்குக் கிடைத்த பொருள் அது. அதை வெறும் பாணி என்று எழுதாதீர்கள்.

ஒழுகலை மறைப்பது

பிடித்த கட்டடம் என்பதற்காகக் குறையை விழுங்காதீர்கள். லிவர்பூலில் அலுமினியக் கூரை ஒழுகியது, கான்கிரீட் விலாக்களில் ஒட்டிய மொசைக் ஓடுகள் கழன்றன. பேராலய நிர்வாகம் கிப்பர்ட் மீதே வழக்குப் போட்டது. அதையும் எழுதுங்கள்.