ஷிரகவாகோ போறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

ஜப்பான் டூர் போற நம்மாளுங்க நிறைய பேர் இப்பல்லாம் ஷிரகவாகோவும் சேத்து பிளான் பண்றாங்க, கிஃபு மாகாணத்துல மலைக்குள்ள இருக்குற ஊரு, அங்க இருக்குற ஒகிமாச்சி கிராமத்த 1995ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. முதல் தப்பே அத மியூசியம்னு நினைச்சிக்கிட்டு போறதுதான். அங்க இருக்குற புல்லு வேய்ஞ்ச பழைய கூரை வீடுகள்ல குடும்பம் குடும்பமா ஆளுங்க வாழுறாங்க. வாதாங்குற குடும்பத்தோட பழைய வீடு மாதிரி டிக்கெட் வாங்கிட்டு உள்ள போற வீடுங்க சிலதுதான். மத்த வீட்டு கதவ திறந்து எட்டிப் பாக்குறது, ஜன்னல் வழியா போட்டோ எடுக்குறது, செல்ஃபிக்காக நெல்லு வயல்ல இறங்குறது எல்லாம் வேணாம் ப்ளீஸ்.

அதவிட பெரிய விஷயம் நெருப்பு. சிகரெட்டுக்குன்னு ஒதுக்கின இடம் தவிர வேற எங்கயும் பத்த வைக்காதீங்க. கூரை முழுக்க காய்ஞ்ச புல்லு, ஒரு பொறி போதும். அதுக்காகவே ஊரு முழுக்க தண்ணி பீச்சுற குழாய் வச்சிருக்காங்க, வருஷா வருஷம் குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒண்ணா திறந்து ஒத்திகை பாப்பாங்க. ஒரு கூரை 30, 40 வருஷம் தாங்கும், மாத்தி வேயணும்னா ஊரே கூடி வந்து கைகொடுக்கும், அந்த வழக்கத்துக்கு யுய்னு பேரு, இன்னிக்கி உன் வீடு நாளைக்கி என் வீடு. வீட்ட விக்கிறதில்ல, வாடகைக்கு விடுறதில்ல, இடிக்கிறதில்லன்னு 1971லயே ஊர்க்காரங்க தங்களுக்குள்ள முடிவு பண்ணி காப்பாத்தி வச்ச ஊரு இது, நம்ம அலட்சியத்துல ஒரு வீடு போச்சுன்னா மனசு ஆறுமா?

குப்பைத்தொட்டி தேடி அலையாதீங்க, உங்க குப்பைய நீங்களே பையில போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

பனிக்காலத்துல கூரை ஓரத்துக்கு கீழ நிக்கவே கூடாது, சுமார் 60 டிகிரி சரிவு, பனி மொத்தமா சறுக்கி விழும். சாயங்காலம் லைட் போடுற நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே புக் பண்ணாம கிளம்பிடாதீங்க.

ராத்திரி மின்ஷுக்குல, அதாவது வீட்டுக்காரங்களே நடத்துற தங்குமிடத்துல தங்குனா, வெளிய நல்லா தேய்ச்சு குளிச்சிட்டு அப்புறம்தான் வெந்நீர் தொட்டில இறங்கணும், ஏன்னா அதே தண்ணிலதான் அடுத்தவங்களும் இறங்குவாங்க. சைவம்னா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, சூப்புலயும் குழம்புலயும் மீன் சாறு இருக்கும், அங்க போய் சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

அக்டோபர்ல டொபுரோக்கு திருவிழா, வடிகட்டாத அரிசி மது ஊத்துவாங்க. கார் ஓட்டுறவர் ஒரு வாய் கூட குடிக்கக் கூடாது, குடிச்சவர்னு தெரிஞ்சே வண்டில ஏறுனா கூட உக்காந்தவங்க மேலயும் அங்க கேஸ் வரும்.