பயிர்ச்சேத நிவாரணம்: சேலம் விவசாயிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டையும் மலையடிவாரத்தையும் புரட்டிப்போட்ட பிறகு, முதன்முறையாக நிவாரண மனு எழுத வந்தவர்கள் பலர், எங்கள் ஊரார் முன்பு செய்து நொந்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்தேன். ஆதார் நகல், பட்டா நகல் போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மழைக்குப் பிறகு அடங்கலைப் பார்ப்பது

வயலில் அழுகிக் கிடக்கும் பயிரை மட்டும் வைத்து நிவாரணம் முடிவாவதில்லை. அந்தப் பயிரைப் பற்றி அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் பயிர்ப் பதிவேட்டில், என்ன பதிவாகியிருக்கிறது என்பதையும் வைத்தே முடிவாகிறது. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதிமுறைப்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு, ஹெக்டேருக்கு மானாவாரி என்றால் 8,500 ரூபாய், பாசன நிலம் என்றால் 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர் என்றால் 22,500 ரூபாய் கணக்கிடப்படும். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான் கிடைக்கும்.

வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் 0.80 ஹெக்டேரில் மரவள்ளி வைத்திருந்தார். கிணறு, மோட்டார், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் இருந்தும், அடங்கலில் அந்த நிலம் பழைய பதிவின்படி மானாவாரியாகவே நீடித்தது. தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகியபோது, ஆய்வுக்கு வந்தவர்களிடம் கிணற்றையே காட்டினார். ஆனால் பதிவை அந்த நேரத்தில் மாற்ற முடியவில்லை. 13,600 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 6,800 ரூபாய்தான் வந்தது. கண்ணெதிரே நடந்த இதைப் பார்த்த பிறகும், அக்கம்பக்கத்தார் அடுத்த நடவில் அடங்கல் நகலை வாங்கிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டுப் பாதித் தொகையை இழப்பதை எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை.

அடங்கல் எழுதப்படும் பசலி ஆண்டு (வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு) ஜூலை 1-இல் தொடங்குகிறது. நடவு முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, புல எண்ணும் உட்பிரிவும், பயிர், பரப்பு, பாசன ஆதாரம் ஆகிய நான்கும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு, நகலை வீட்டில் வைத்திருங்கள். மலைத்தோட்டங்களில் இன்னும் கூடுதலான கவனம் தேவை: சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காபி, நடுநடுவே ஆரஞ்சு என்று இருக்கும் தோட்டத்தில் காபியை மட்டும் பதிந்திருந்தால், மரம் சாய்ந்து மிளகு போனதற்குக் காட்ட ஆதாரம் இல்லாமல் போகும். குத்தகைக்குப் பயிரிடுவோர், சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கு முன்பே வயலைச் சுத்தம் செய்வது

சாய்ந்த வாழையை வெட்டி அகற்றிவிட்டால், வருவாய்த்துறையும் தோட்டக்கலைத்துறையும் சேர்ந்து வரும் நாளில் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. காத்திருக்க முடியாத நிலை என்றால், வயல் எல்லையும் பக்கத்து அடையாளமும் தெரியும்படி படம் எடுத்து, எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு அகற்றுங்கள்.

மண்சரிவைப் பயிர்ச்சேதமாக மட்டும் எழுதுவது

வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மண் படிந்திருந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாயும், சரிவில் நிலமே பெருமளவு போய்விட்டால் சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாயும் விதிமுறையில் தனித் தலைப்புகளாகவே உள்ளன. ஏற்காட்டுச் சரிவுகளில் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் பயிரைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, நிலத்தைப் பற்றிக் குறிப்பிடாமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

காப்பீட்டையும் நிவாரணத்தையும் ஒன்றென நினைப்பது

இரண்டும் வேறு. நிவாரண மனுக் கொடுத்தது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்னதாக ஆகாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, மண்சரிவு, வெள்ளத் தேக்கம் போன்ற தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கூட்டுப் பட்டா

எந்தப் பங்காளிக்கு எவ்வளவு என்பதை மழைக்கு முன்பே எழுதி முடியுங்கள்.

வங்கிக் கணக்கு

ஆதார் இணைந்த கணக்கு இன்றும் இயங்குகிறதா என்று ஒருமுறை வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.