பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறைத் தேர்வு 20, அகமதிப்பீடு 10. இதில் அந்த 20-ஐ எப்படியும் போட்டுவிடுவார்கள் என்ற நினைப்போடு லேபுக்கு வரும் பிள்ளைகள் நிறைய. ஆண்டு முழுக்க மேலோட்டமாகச் செய்துவிட்டு, தேர்வு நாளில் பியூரெட்டை (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை) பிடிக்கும்போது கை நடுங்குவது இவர்களுக்குத்தான். லேபில் சொல்லப்படும் விதிகளை ஆசிரியரின் கண்டிப்பாக மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலான விதிக்குப் பின்னால் ஒரு வேதிவினை இருக்கிறது. அது புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

விடையை முதலில் எழுதிவிடுவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். கரிமப் பகுப்பாய்வுக்கு ஒரு சேர்மம் கொடுக்கிறோம். மூடியைத் திறந்ததும் கசப்பு வாதுமை வாசனை வருகிறது. முந்தைய பேட்ச் பிள்ளைகளும் ‘அது பென்சால்டிஹைடுதான்’ என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான், சோதனைக்குழாயைத் தொடாமலே ‘காண்பன’ பத்தி நிரம்பிவிடும்: ஆல்டிஹைடைக் கண்டறியும் இரண்டு சோதனைகளில், டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி, ஃபெலிங் சோதனையில் சிவப்பு வீழ்படிவு, ஆகவே ஆல்டிஹைடு.

பென்சால்டிஹைடு டாலன்ஸ் வினைப்பொருளை ஒடுக்கும். ஃபெலிங் கரைசலை ஒடுக்காது. பென்சீன் வளையத்தோடு நேரடியாக இணைந்த ஆல்டிஹைடு தொகுதிக்கு அந்தச் சோதனையில் சிவப்பு வீழ்படிவு வராது. அதனால் அந்த ஒரு வரியைப் படித்ததுமே புறத்தேர்வருக்கு விஷயம் புரிந்துவிடும்: இந்த மாணவர் சோதனையே செய்யவில்லை. கண்ணால் பார்த்ததை ‘காண்பன’வில் எழுதுங்கள், அதிலிருந்து தெரிவதை ‘அறிவன’வில் எழுதுங்கள். எதிர்பார்த்த நிறம் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதிவிட்டு, சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

சோதனை சரியாக வராமல் போவதற்கும் காரணம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கும். சோதனைக்குழாயைச் சரியாகக் கழுவாவிட்டால் வெள்ளி ஆடிக்குப் பதில் கறுப்பு வீழ்படிவுதான் கிடைக்கும். டாலன்ஸ் கலவையை நேரடிச் சுடரில் காட்டாமல் வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள். ஃபெலிங் கரைசல் ஏ, பி இரண்டையும் சோதனைக்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். அனிலீனுக்கான சாயச் சோதனையில் பனிக்கட்டியைச் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். வெப்பநிலை 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள் இல்லாவிட்டால் சாயத்தைத் தர வேண்டிய டையசோனியம் உப்பு சிதைந்து நைட்ரஜன் வெளியேறிவிடும். ஆரஞ்சு சிவப்புச் சாயம் எங்கிருந்து வரும்? ஃபீனாலுக்கு ஃபெரிக் குளோரைடு சேர்க்கும்போது ஓரிரு சொட்டோடு நிறுத்துங்கள். தாராளமாக ஊற்றினால் ஃபெரிக் குளோரைடின் சொந்த மஞ்சள் நிறமே ஊதாவை மறைத்துவிடும்.

பியூரெட்டைச் சுற்றி நடக்கும் தவறுகள்

பருமனறி பகுப்பாய்வில் (ஒரு கரைசலோடு வினைபுரியத் தேவைப்படும் இன்னொரு கரைசலின் பருமனை அளந்து செறிவைக் கண்டுபிடிப்பதில்) எதை எதனால் கழுவுவது என்பதில்தான் முதல் குழப்பம். பியூரெட்டை நீரில் கழுவியபின், அதில் எடுக்கப்போகும் கரைசலாலும் ஒருமுறை அலச வேண்டும். குறித்த அளவு கரைசலை எடுக்கும் பிப்பெட்டுக்கும் அப்படியே. கூம்புக் குடுவைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் போதும். குடுவையையும் கரைசலால் அலசினால், பிப்பெட்டில் அளந்த 20 மி.லி.யோடு சுவரில் ஒட்டியிருப்பதும் சேர்ந்துகொள்ளும். பியூரெட் அளவு கூடிவிடும். பியூரெட்டை வெறும் நீரால் மட்டும் கழுவினாலும் அளவு கூடத்தான் செய்யும், ஏனென்றால் உள்ளே மிஞ்சிய நீர், பியூரெட்டில் எடுக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். குடுவையில் காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம் மிச்சம் இருந்தால் கவலை இல்லை. அங்கே முக்கியம் கரைபொருளின் அளவு, செறிவு அல்ல.

கரைசலை ஊற்றியபின் புனலை எடுக்க மறப்பது, முனையில் காற்றுக் குமிழியை விட்டுவிடுவது, இந்த இரண்டும் தேர்வு அறையில் சாதாரணமாக நடக்கும். தொடக்க அளவைக் குறித்தபின் புனலிலிருந்து சொட்டு விழுந்தால் உங்கள் அளவு குறையும். பாதி வழியில் குமிழி வெளியேறினால் கூடும். பெர்மாங்கனேட் அடர் நிறம் என்பதால் மேற்பிறையை (வளைந்த நீர்மட்டத்தின் மேல் விளிம்பை) பாருங்கள்; நிறமற்ற கரைசலுக்குக் கீழ்ப்பிறை. எதுவானாலும் கண் அதே மட்டத்தில் இருக்கட்டும். பிப்பெட் முனையில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக்கூடாது. முனையைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும், அந்தத் துளியைக் கணக்கில் சேர்க்காமல்தான் பிப்பெட்டுக்கு அளவு குறித்திருக்கிறார்கள்.

ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தோடு ஒரு சோதனைக்குழாய் நிறைய நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விடாதீர்கள். பியூரெட்டைத் திறந்ததும் முதல் சில துளிகளின் நிறம் போகவே போகாது. இங்கேதான் பிள்ளைகள் ‘முடிவுநிலை வந்துவிட்டது’ என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள், இல்லையென்றால் பொறுமை இழந்து திருகைத் திறந்துவிடுகிறார்கள். குடுவையைச் சுழற்றியபடி காத்திருங்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. கொஞ்சம் உண்டானபின் நிறம் விழுந்தவுடன் மறையும். கடைசியில் ஒரே ஒரு துளியில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நிலைத்தால் அதுதான் முடிவுநிலை. கரைசல் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, மாங்கனீசு டைஆக்சைடு வந்திருக்கிறது. அந்தக் குடுவையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அதே பழக்கத்தில் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டையும் சூடாக்கிவிடாதீர்கள். சூட்டில் காற்றே ஃபெரஸை ஃபெரிக்காக மாற்றத் தொடங்கிவிடும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கைக்குக் கிடைத்ததே என்று ஊற்றுவதும் கூடாது. பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து தன்னைச் செலவழித்துக்கொள்ளும்.

ஒத்த அளவுகள் வேண்டும் என்பதற்காக முதல் அளவையே கீழே இரண்டு முறை எழுதுவது பொய். அதைச் செய்யாதீர்கள். கணக்கில் சறுக்குவது வேறு இடத்தில்: சமான நிறை எடுக்கும்போது படிக நீரை (படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீரை) மறந்துவிடுவார்கள். ஃபெரஸ் சல்பேட்டுக்கு 278, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்கு 392, ஆக்சாலிக் அமிலத்துக்கு 63, அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட்டுக்கு 31.6. நார்மாலிட்டியை (ஒரு லிட்டரில் உள்ள கிராம் சமானங்களின் எண்ணிக்கையை) சமான நிறையால் பெருக்கினால் வருவது ஒரு லிட்டருக்கான எடை. கேள்வியில் 750 மி.லி. என்றிருந்தால் அதை 0.75-ஆல் பெருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு, மற்றதெல்லாம் சரியாகச் செய்த பிள்ளைகள் மதிப்பெண் இழப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

உடம்புக்கு ஆபத்தானவை

வாயால் உறிஞ்சிப் பிப்பெட் நிரப்பும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் தொடர்கிறது. இதை நிறுத்தியே ஆக வேண்டும். பிப்பெட்டுக்கான ரப்பர் பல்பு விலை அதிகமுள்ள பொருள் இல்லை. உங்கள் லேபில் இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இதையே சொல்வேன்.

அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தை மெதுவாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால், வெளிப்படும் வெப்பத்தில் மேலே விழுந்த நீர் அந்த இடத்திலேயே கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். சூடாக்கும் சோதனைக்குழாயின் வாய் உங்களையும் பார்க்கக்கூடாது, பக்கத்தில் நிற்பவரையும் பார்க்கக்கூடாது. வாசனை பார்க்க மூக்கைக் குழாய்க்குள் நுழைக்காமல், கையால் ஆவியை விசிறி எடுங்கள். ஆல்கஹால், ஈதர், அசிட்டோன் புட்டிகள் பர்னர் பக்கம் வரவே கூடாது. துப்பட்டாவைப் பின் குத்தி, சடையை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். நைலான் துணியைவிட பருத்தி நல்லது, தீப்பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டும்.

அமிலம் தோலில் பட்டால் பலர் சோடா உப்பைத் தேடி ஓடுகிறார்கள். நடுநிலையாக்கும் வினையே வெப்பம் தரும், தேடுவதில் நேரமும் போகும். உடனே குழாயடியில் பிடியுங்கள், குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். கண்ணில் பட்டாலும் முதலில் இதே தண்ணீர்தான், பிறகு மருத்துவமனை.

ரெக்கார்டு, கண்ணாடி, வாஷ் பேசின்

ரெக்கார்டை அரையாண்டுக்குப் பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதுவது, அதுவும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது, அந்த சீனியரின் பிழைகளையும் சேர்த்து எழுதுவதில்தான் முடியும். அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்கி, அடுத்த வகுப்புக்குள் ரெக்கார்டில் ஏற்றிவிட்டால் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டியதே கொஞ்சம்தான்.

தேவைக்கு மேல் எடுத்த வேதிப்பொருளை மறுபடி புட்டிக்குள் கொட்டாதீர்கள். ஒரு சொட்டான் பல புட்டிகளுக்குள் போனாலும் அடுத்த பேட்ச் முழுவதற்கும் தவறான முடிவுதான் வரும். டாலன்ஸ் வினைப்பொருள் மீந்துவிட்டால் நாளைக்கு ஆகும் என்று எடுத்துவைக்கவே கூடாது. அப்படியே கிடந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். ஆசிரியரிடமோ லேப் உதவியாளரிடமோ சொல்லி, அன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்துக் குழாயைக் கழுவிவிடுங்கள்.

பிப்பெட் முனையோ சோதனைக்குழாயோ உடைந்தால் பணம் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து பேசினுக்குள் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பீரியடில் அந்தப் பேசினுக்குள் கைவிடும் பிள்ளைக்குத்தான் விரல் கிழியும். உடைந்தால் கையால் பொறுக்காமல், அப்படியே விட்டுவிட்டு லேப் உதவியாளரைக் கூப்பிடுங்கள்.