அப்பாமாரிடம் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு

சுனாமிக்குப் பிறகு படிவம் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தவள் நான். சொந்த ஊர் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடி. குடும்பம், பிள்ளை வளர்ப்பு என்று ஆய்வு செய்கிறவர்களுக்காக வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் ஏறாத கடப்படி குறைவு. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, "அப்பாமாரிடம் என்ன கேட்கலாம் அக்கா?" என்கிறார்கள். என்ன கேட்பது என்பதைவிட எங்கே, எப்போது கேட்பது என்பதுதான் கஷ்டம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டு வளவுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் களப்பணி செய்து இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கு அது பிறந்த நாளிலிருந்தே தெரியும், ஆனால் படிவத்தைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறோம். அந்த வளவில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது மாமியார். மருமகன் தலையாட்டிக்கொண்டு நிற்பார். அவரை வயல் வட்டையிலோ, வலை காய்கிற இடத்திலோ, தேத்தண்ணிக் கடையிலோ பிடியுங்கள். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டு நடக்கும்போது போய் நின்றால் ஏச்சுத்தான் கிடைக்கும்.

போனவுடன் கொப்பியை விரிக்காதீர்கள். பெயர் பதிகிறவரைக் கண்டால் வீடோ, தோணியோ, சமுர்த்தி மாதிரி அரச உதவிப்பணமோ வரும் என்று சனம் நினைக்கும். அதில் பிழையில்லை, எத்தனையோ பேர் அப்படிச் சொல்லித்தான் பதிந்துகொண்டு போனார்கள். "இதால உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது, விருப்பமில்லையெண்டால் சொல்லத் தேவையில்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் எழும்பிப் போவார்கள், போகட்டும்.

சரி, இனிக் கேள்விக்கு வருவோம். நான் முதன்முதல் கொண்டுபோன படிவத்தில் "பிள்ளை வளர்ப்பில் மனைவிக்கு உதவுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது. குருமண்வெளியில் பாதை ஏறி (வாவி கடக்கிற மிதவையைத்தான் பாதை என்போம்) மண்டூர்ப் பக்கம் போய் நாள் முழுக்கக் கேட்டேன். கேட்ட ஆட்களெல்லாம் "ஓம் மிஸ்". ஒரேயொருவர் மட்டும், "நான் ஒண்டும் செய்யிறல்ல மிஸ், எல்லாம் மனிசிதான்" என்றார். அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் நாலு வயது மகள். குழம்பு மீனை விரலால் பிய்த்து, முள்ளைப் பொறுக்கிக் கோப்பை விளிம்பில் ஒட்டிவைத்து, சதையைச் சோற்றோடு உருட்டி அவள் வாயில் வைத்தபடிதான் இதைச் சொன்னார். நானும் "இல்லை" என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். அந்தப் புள்ளடி இன்னும் என்னை உறுத்துகிறது.

கோளாறு "உதவி" என்ற சொல்லில்தான். செய்யாதவர் மரியாதைக்கு "ஓம்" என்பார், செய்கிறவருக்கோ அது ஒரு வேலையாகவே தெரியாது. ஆகவே நேற்றைய நாளைக் கேளுங்கள். "நேற்று விடிய எத்தின மணிக்கு எழும்பினீங்க? பிள்ள அப்ப முழிப்பா? மறுகா?" இப்படியே இரவு படுக்கிற வரைக்கும் கொண்டுபோங்கள். தாயிடமும் அதே நாளைத் தனியாகக் கேளுங்கள். தாங்கள் செய்வதாகத் தகப்பன்மார் சொல்லும் கணக்கு தாய்மார் சொல்வதைவிடக் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எவர் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதாமல் இரண்டையும் குறித்துவையுங்கள்.

உளவியலாளர் மைக்கேல் லாம்பும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1980களில் தகப்பனின் பங்கை மூன்றாகப் பிரித்தார்கள்: பிள்ளையோடு நேரடியாக ஈடுபடுவது, கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்தில் இருப்பது, பிள்ளைக்கு என்ன தேவை என்று யோசித்து ஏற்பாடு செய்யும் பொறுப்பு. மூன்றாவதை அளக்க எனக்கு ஒரு சின்ன வழி உண்டு. "அடுத்த கிளினிக் எப்ப?" என்று கேட்பேன். கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் தேதி சொல்கிற அப்பாமாரும் இருக்கிறார்கள். கத்தாரில் இருந்துகொண்டு ஒவ்வொரு இரவும் போனில் மகனின் கணக்குக் கொப்பியைக் காட்டச் சொல்கிறவரை இரண்டாவது பெட்டியில் போட முடியாது, மூன்றாவதில் தாராளமாகப் போடலாம். மனைவி வெளிநாட்டில் உழைக்க, இங்கே பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிறவரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் படிவத்தில் இடம் விட்டுவையுங்கள். அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் முஸ்லிம் வீடுகளுக்குப் போனால் "அப்பா"வை வெட்டி "வாப்பா" என்று எழுதிக்கொண்டு போங்கள்.

"குடும்பத் தலைவர் யார்?" என்ற கேள்வியைத் தூக்கிவிடுங்கள். வீடு மனைவிக்கு, வருமானம் கணவனுக்கு, முடிவு மாமியாருக்கு என்றிருக்கிற இடத்தில் ஒரு பெயரை எழுதி என்ன பயன்?

"எத்தனை பிள்ளைகள்?" என்றும் எடுத்தவுடன் கேட்காதீர்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் ஒருவரிடம் கேட்டேன். "எந்தக் கணக்கக் கேக்கிறீங்க மிஸ், இருக்கிறதயா?" என்றார். 2004 டிசம்பர் 26 அந்தக் கரையில் எதைக் கொண்டுபோனது என்று தெரிந்திருந்தும் கேட்டது என் பிழை. இப்போதெல்லாம் "வீட்ட இப்ப ஆரார் இருக்கிறீங்க?" என்று கேட்கிறேன். மீதியைச் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். டிசம்பர் கடைசியில் அந்த ஊர்களுக்குப் படிவம் கொண்டு போவதே இல்லை.

பேச்சினிடையே ஒரு பிள்ளை அடிபடுவதோ அதைவிட மோசமானதோ தெரியவந்தால் ஆய்வை ஓரம் வையுங்கள். 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். இதை யாரோடு, எப்படிக் கையாள்வது என்று களத்துக்குப் போகுமுன்பே உங்கள் மேற்பார்வையாளருடன் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.

கடைசியாக, கொப்பியை மூடியவுடன் எழும்பிவிடாதீர்கள். அப்பாமார் பேசத் தொடங்குவதே அப்போதுதான். "எங்கட அப்பா என்னத் தூக்கினதே எனக்கு ஞாபகமில்ல மிஸ்" என்று ஒருவர் தொடங்கி அரை மணித்தியாலம் பேசினார். கேட்டு முடித்து, "இதயும் எழுதட்டா?" என்றேன். "பேர் போடாம எழுதுங்க" என்றார். துறைக்கு வந்து, பாதை அக்கரையிலிருந்து வருவதற்குள் எழுதி முடித்தேன்.