கல்லை மாற்றி மாட்டும் டியாரா: விளாடிமிர் பாணியில் வீட்டிலேயே செய்யும் முறை

இரண்டாம் எலிசபெத் ராணியின் பழைய விருந்துப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் அவர் தலையில் இருக்கும் டியாராவின் (கிரீடம் போல முன்னந்தலையில் அணியும் நகை) ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு முத்து தொங்கும். இன்னொன்றில் அதே இடத்தில் பச்சைப் பசேலென்று மரகதம். வேறொன்றில் வளையங்கள் மட்டும்தான், நடுவில் ஒன்றுமே இருக்காது. மூன்று டியாராக்கள் அல்ல, ஒன்றேதான். விளாடிமிர் டியாரா என்பது அதன் பெயர்.

அதே ஏற்பாட்டைப் பித்தளைக் கம்பியிலும் கண்ணாடி மணியிலும் செய்து பார்ப்பதுதான் இந்தப் பதிவு. நெருப்பு வேண்டாம். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. குறடு பிடிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு மாலைப்பொழுதுகள் ஒதுக்குங்கள், பசை காய்வதற்கு நடுவில் ஓர் இரவு போகும்.

கம்பியைத் தொடும் முன் கொஞ்சம் கதை. 1874-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரின் மகன் விளாடிமிரை மணந்த கோமகள் மரியா பாவ்லோவ்னாவின் நகை இது. செய்து கொடுத்தது போலின் நகைக்கடை. ஒன்றோடொன்று பின்னிய 15 வைர வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முத்து. 1917 புரட்சியின்போது கோமகள் தலைநகரை விட்டு வெளியேறிவிட, நகைகள் அரண்மனைப் பெட்டகத்திலேயே தங்கிவிட்டன. குடும்ப நண்பரான ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் அவற்றை ரகசியமாக எடுத்து லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1920-இல் கோமகள் இறந்தார். மறு ஆண்டு அவருடைய மகளிடமிருந்து இந்த டியாராவை இங்கிலாந்தின் மேரி ராணி, அதாவது இரண்டாம் எலிசபெத்தின் பாட்டி, விலைக்கு வாங்கினார்.

மரகதம் மாட்டும் யோசனை மேரி ராணியுடையது. அந்த மரகதங்களுக்கும் ஒரு கதை உண்டு. அவருடைய பாட்டி, கேம்பிரிட்ஜ் கோமகள் அகஸ்டா, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஒரு லாட்டரிச் சீட்டில் வென்றவை அவை! 1911 டெல்லி தர்பாருக்காகச் செய்த டியாராவின் உச்சியில் அவற்றில் சில நின்றன. பிறகு கழற்றப்பட்டன. 1924-இல் அந்தக் குடும்ப மரகதங்களில் 15 விளாடிமிர் வளையங்களுக்குள் தொங்கும்படி அமைக்கப்பட்டன.

இனி வேலைக்கு வருவோம். மாற்றிக்கொள்ளும் நகை என்றதும் எல்லோரும் கல்லைத் தேடித்தான் கடைக்கு ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். என் முதல் டியாராவில் ஒவ்வொரு வளையத்தின் உச்சியிலும் ஒரு கொக்கியைக் கட்டி, அதில் கல்லை மாட்டினேன். மாட்டியிருக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. கழற்றியதும் சட்டை மாட்டும் ஆணிகளை வரிசையாக அடித்த சுவர் போல ஆகிவிட்டது. அதோடு கொக்கியின் வாய் சற்று அகலம். அக்காள் மகள் அதை வைத்துக்கொண்டு ராணி வேடத்தில் ஆடியபோது, குனிந்து வணங்கிய இடத்தில் இரண்டு பச்சைக் கற்கள் மேடையில் உருண்டோடின. அன்றிலிருந்து என் முறை இதுதான்: சட்டத்தில் காது (கொக்கி மாட்டுவதற்கான சிறு கம்பி வளைவு), கல்லில் கொக்கி. கல் இல்லாமலும் முழுமையாகத் தெரிகிற சட்டத்தை முதலில் செய்யுங்கள், கல் வாங்கும் வேலை பிறகு.

என்னென்ன வேண்டும்?

15 வளையங்கள் முதல் முயற்சிக்கு அதிகம், 7 போதும். பித்தளைக் கம்பியில் 1.2 மி.மீ. பருமன் ஒரு மீட்டர் (வளையங்களுக்கு), 1.6 மி.மீ. 70 செ.மீ. (அடிச்சட்டத்துக்கு), 0.8 மி.மீ. அரை மீட்டர் (காதுகளுக்கு), கட்டுவதற்கு 0.4 மி.மீ., 0.3 மி.மீ. தலா ஐந்து மீட்டர். கடைக்காரர் கேஜ் எண்ணில் (கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்) பேசினால் மி.மீ. அளவைக் கேட்டு வாங்குங்கள். ஒரே கேஜ் எண்ணுக்கு இரண்டு விதமான அளவு முறைகள் புழக்கத்தில் இருப்பதால் பருமன் மாறிப்போகும்.

ஆரி வேலைக்கு விற்கும் 2 மி.மீ. ஸ்டோன் செயின் (பொடிக் கற்கள் வரிசையாகப் பதித்த சங்கிலி) ஒரு மீட்டர். துளி வடிவக் கண்ணாடி மணிகள்: 1 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம், நெடுக்காகத் துளை போட்டவை. முத்து நிறத்தில் 7, பச்சையில் 7. ஹெட் பின் என்று கேட்டால் ஒரு முனையில் குண்டூசித் தலை வைத்த கம்பித் துண்டுகள் கிடைக்கும், 5 செ.மீ. நீளத்தில் 20 வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து வீணாகும், வருத்தப்பட வேண்டாம். இரண்டு டியூப் கலந்து பூசும் எப்பாக்ஸி பசை, வெட்டுக் குறடு, தட்டை மூக்குக் குறடு, உருண்டை மூக்குக் குறடு, ஒரு நுண்ணரம். இவற்றோடு தீர்ந்துபோன பெரிய டார்ச் பேட்டரி ஒன்று.

படி 1: வளையங்கள்

அந்தத் தடித்த பேட்டரியின் விட்டம் ஏறக்குறைய 3.3 செ.மீ. கம்பியை அதன்மேல் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால், பித்தளை கொஞ்சம் விரிந்து நமக்கு வேண்டிய 3.5 செ.மீ.க்கு வந்து நிற்கும். முதலில் பேட்டரியின் இரு முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, உடம்பில் காகிதம் சுற்றிவிடுங்கள். தீர்ந்த பேட்டரிதான் என்றாலும் உலோகக் கம்பி இரு முனைகளையும் தொடக் கூடாது.

1.2 மி.மீ. கம்பியை இடைவெளி விடாமல் எட்டுச் சுற்று சுற்றுங்கள். சுருளைக் கழற்றி, நீளவாக்கில் ஒரே நேர்க்கோட்டில் வெட்டினால் ஏழு வளையங்கள் உதிரும். வெட்டிய முனைகளை நுண்ணரத்தால் தட்டையாக ராவுங்கள்.

படி 2: காது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். 1.2 மி.மீ. கம்பியில் மிச்சமான துண்டு ஒன்றைப் படுக்கையாகப் பிடித்து, அதன்மேல் 0.8 மி.மீ. கம்பியை நெருக்கமாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இப்போது ஒரு பேனா ரீஃபிலைத் துண்டுக்குக் கீழே, உங்கள் மூக்கை நோக்கி நீளும்படி வையுங்கள். கம்பியைக் கீழே இறக்கி, ரீஃபிலின் அடியை வளைத்து, மறுபக்கம் மேலே ஏற்றி, மறுபடி இரண்டு சுற்று சுற்றி வெட்டுங்கள். இரண்டு சுருள்களுக்கு நடுவே ஒரு சிறிய 'ப'வைக் கவிழாமல் நிமிர்த்து வைத்தது போலக் காது தொங்கும். அதன் துளை முன்னும் பின்னுமாகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் கல் திரும்பித் தொங்கும்.

ஏழு காதுகள் செய்து, வளையத்துக்கு ஒன்றாகக் கோத்துவிடுங்கள். வளையங்களைப் பின்னிய பிறகு கோக்க வழியில்லை.

படி 3: பின்னல்

வளையத்தின் வாயை அகலமாக இழுத்துத் திறக்காதீர்கள், வட்டம் கெட்டுவிடும். கதவைத் திறப்பது போல ஒரு முனையை முன்னுக்கும் மறு முனையைப் பின்னுக்கும் தள்ளுங்கள். அடுத்த வளையத்தை உள்ளே விட்டு மூடுங்கள். ஒலிம்பிக் வளையங்களைப் போலவே, ஒரு வெட்டுமிடத்தில் (இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடம்) மேலே போனது அடுத்ததில் கீழே போக வேண்டும். மூடிய வாய் வளையத்தின் அடியிலும் காது உச்சியிலும் இருக்கட்டும்.

ஒரு வளையத்தின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 2.8 செ.மீ. தூரம் வேண்டும். காகிதத்தில் ஏழு புள்ளிகளை இந்த அளவில் குறித்து, அதன்மேல் வளையங்களைப் பரப்பிச் சரிபாருங்கள். எதற்கு இந்தக் கண்டிப்பு என்றால், இந்தத் தூரத்தில்தான் ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் சுமார் 1.8 செ.மீ. வெட்டவெளி கிடைக்கும். 1 செ.மீ. கல் எதிலும் இடிக்காமல் ஆடும். இன்னும் அழகாக இருக்குமே என்று நெருக்கிப் பின்னினால், கல் பக்கத்து வளையத்தில் மோதி, நடக்கும்போதெல்லாம் கிண்கிணியாக ஒலிக்கும். சதங்கை கட்டிய தலை யாருக்கும் வேண்டாம்.

படி 4: அடிச்சட்டம்

1.6 மி.மீ. கம்பியை ஊசியின் காது போல நீண்டு ஒடுங்கிய ஒரு வடிவமாக மடியுங்கள். நீளம் 33 செ.மீ., மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் இடையே 6 முதல் 7 மி.மீ. மிஞ்சும் முனைகள் கீழ்க் கம்பியின் நடுவில் இரண்டு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியட்டும், அங்கே 0.4 மி.மீ. கம்பியால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். பிறகு 15 செ.மீ. விட்டமுள்ள டப்பா ஒன்றின்மேல் அழுத்தி, தலைக்கேற்ற வளைவைக் கொடுங்கள். வளைவை வளையங்கள் கட்டும் முன்பே கொடுத்துவிட வேண்டும். பிறகு வளைத்தால் கட்டுகள் எல்லாம் நெகிழும்.

ஒற்றைக் கம்பிச் சட்டம் போதாதா என்று தோன்றும். போதாது. வளையம் ஒரே இடத்தில் கட்டுண்டிருந்தால் முன்னால் கவிழும். இரண்டு கம்பி இருந்தால் வளையத்தின் அடி கீழ்க் கம்பியில் அமரும், அக்கம்பக்க வளையங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம் சரியாக மேல் கம்பியில் வந்து விழும். மூன்று இடத்தில் பிடிப்பு, நிமிர்ந்து நிற்கும்.

படி 5: கட்டுதல்

நடு வளையத்தில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிப் போங்கள். அடியில், வளையத்தின் வாய் கட்டுக்குள் மறையும்படி 0.4 மி.மீ. கம்பியை ஆறு சுற்று. வெட்டுமிடத்தில் இரண்டு வளையங்களையும் மேல் கம்பியையும் சேர்த்துப் பூக் கட்டுவது போலக் குறுக்கும் நெடுக்குமாக. மேலே இருக்கும் வெட்டுமிடங்களிலும் இரண்டிரண்டு சுற்று. கம்பி முனைகளைப் பின்பக்கம் கொண்டுபோய் அழுத்திவிடுங்கள், முடியில் மாட்டினால் தெரியும் வேதனை.

இப்போது காதுகளை உச்சியில் நேராக நிறுத்தி, பின்புறச் சுருளில் குண்டூசி முனையால் எப்பாக்ஸி தொட்டு வைத்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

படி 6: மினுமினுப்பு

ஸ்டோன் செயினை வளையங்களின் முன்முகத்தில் வைத்து, இரண்டு கற்களுக்கு இடையே ஒரு சுற்று வீதம் 0.3 மி.மீ. கம்பியால் கட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு வளையம் இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் செயினை வெட்டி, அப்பால் மறுபடி தொடங்குங்கள். அந்த வெட்டினால்தான் பின்னல் கண்ணுக்குத் தெரியும். சலிப்பான வேலை. வானொலியைப் போட்டுக்கொண்டு செய்யலாம்.

சட்டத்தின் இரு முனைகளிலும் வளையம் இல்லாத பகுதிக்கு முடி நிறத்தில் ரிப்பன் சுற்றுங்கள். வளைந்த முனைகளின் துவாரத்தை மூட வேண்டாம், கொண்டை ஊசி குத்துவதற்கு அதுதான் இடம். டியாராவைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். கல் ஏதும் இல்லை. குறையாகத் தெரிகிறதா? தெரிந்தால் ஏழாம் படிக்குப் போகாதீர்கள், எந்த வளையம் கோணுகிறது என்று பாருங்கள். கல் அதை மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

படி 7: கொக்கி

ஹெட் பின்னை மணியின் அடியிலிருந்து மேலே விடுங்கள். மணிக்கு மேல் 5 மி.மீ. நேராக நிற்கட்டும். அங்கே உருண்டை மூக்குக் குறட்டின் நுனிப் பகுதியில் பிடித்துக் கம்பியைப் பின்னால் மடக்கி இறக்குங்கள், குடைக் கைப்பிடி போல. இறங்கிய வால் மணியின் கழுத்தைத் தொடும் இடத்தில் வெட்டி, முனையை அரத்தால் மழுக்கி, கடைசி ஒரு மி.மீ.ஐ வெளிப்பக்கமாக நிமிண்டிவிடுங்கள். பிறகு வாலைத் தண்டோடு சேர்த்து மெதுவாக அழுத்தி, கொக்கியின் வாய் காதுக் கம்பியைவிடச் சற்றே குறுகலாக இருக்கும்படி செய்யுங்கள்.

மாட்டிப் பாருங்கள். வால் முன்னாலிருந்து காதுக்குள் நுழைந்து பின்னால் இறங்க வேண்டும். வாய் ஒரு நொடி தடுத்து, 'டிக்' என்று வழிவிடும். அந்தச் சத்தம் வந்தால் சரி. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் வாய் அகலம். நகம் வலிக்கிற அளவு அழுத்த வேண்டியிருந்தால் குறுகல், நாலு முறை கழற்றி மாட்டினால் கம்பி முறிந்துவிடும். முதல் கொக்கியைச் சரியாகச் செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்ற பதின்மூன்றையும் அதன் அளவிலேயே செய்யுங்கள். முத்தும் பச்சையும் ஒரே உயரத்தில் தொங்கினால்தான் மாற்றியது மாற்றியது போல இருக்கும்.

தட்டை முதுகுள்ள கல்லைப் பயன்படுத்தினால் கொக்கியின் வாய் கல்லின் முதுகுப் பக்கம் திறக்க வேண்டும். நான் இதை மறந்து ஏழையும் திருப்பிச் செய்திருக்கிறேன்.

ஏழு பச்சையும் மாட்டியானதும், மெத்தைக்கு மேலே டியாராவைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை உலுக்குங்கள். விழுந்த கல்லின் கொக்கியை மட்டும் இன்னும் கொஞ்சம் நெருக்குங்கள்.

வைத்துக்கொள்ளும் விதம்

பித்தளை கறுக்கும். கறுத்தால், கற்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் தேயுங்கள். புளி போட்டுத் துலக்கும் ஆசை வரும், ஸ்டோன் செயின் இருப்பதால் அது வேண்டாம்.

கழற்றிய கற்களை ஒரே டப்பாவில் கொட்டினால் கொக்கிகள் ஒன்றில் ஒன்று மாட்டி நெளிந்துவிடும். மருந்துக்கடையில் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி விற்கிறார்கள், ஏழு நாளுக்கு ஏழு அறை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. முத்துப் பெட்டியில் ஞாயிறு இடது ஓரம், சனி வலது ஓரம், புதன் அறையில் இருப்பது நடு வளையத்துக்கு உரியது.